பட்டியலில் இல்லாத புரதம்

1970களின் பிற்பகுதியில், ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் வெர்னர் கெட்டே, ஷோஜி ஹராடா, தரம் அகர்வால் ஆகிய மரபியல் ஆய்வாளர்கள், பிரேதப் பரிசோதனையின்போது எடுத்துவைத்த கல்லீரல் திசுக்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திசுவை அரைத்துச் சாறெடுத்து, ஒரு ஜெல்லின் மேல் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதிலுள்ள புரதங்கள் வெவ்வேறு தூரம் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். பிறகு, தேடுகிற நொதி எங்கே வேலை செய்கிறதோ அங்கே மட்டும் நிறம் ஏறும்படி சாயம் ஊற்றுவார்கள். ஐரோப்பியர்களின் கல்லீரலில் தவறாமல் தெரிந்த ஒரு பட்டை, ஜப்பானியர்களின் கல்லீரல்களில் ஏறக்குறைய பாதியில் தெரியவே இல்லை.

அந்தப் பட்டை ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியின் ஒரு வகை. இன்று அதன் பெயர் ஏ.எல்.டி.எச்.2. மது உள்ளே போனதும் கல்லீரல் அதை முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. கல்லீரல் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் இந்த நொதி, அந்த நச்சை அசெட்டேட் ஆக்கித் தீங்கில்லாமல் செய்கிறது. நொதி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு நச்சு தேங்கும். ஒரு வாய் குடித்தாலே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். கிழக்காசியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி ஆகிறது. காணாமல்போன பட்டைதான் முகச் சிவப்புக்குக் காரணம் என்று 1981-ல் ஹாம்பர்க் குழு லான்செட் இதழில் எழுதியது. விஷயம் முகச் சிவப்போடு நின்றுவிடவில்லை. இந்தக் குறையோடு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பது பின்னர் தெளிவானது.

பட்டை காணவில்லை என்றால் என்ன பொருள்? அந்தக் கல்லீரல் அப்புரதத்தை உண்டாக்கவே இல்லை என்று சொல்லலாம். உண்டாக்கியது, ஆனால் அது வேலை செய்யவில்லை என்றும் சொல்லலாம். வேலை செய்கிற நொதிக்கு மட்டும் நிறம் ஏறும் சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே வெற்றிடமாகத் தெரியும். இதைப் பிரித்தறிந்தவர் கலிபோர்னியாவில் பணியாற்றிய அகிரா யோஷிடா. வேலையைப் பார்க்காமல் உருவத்தைப் பார்த்துப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களை அவரது குழு பயன்படுத்தியது. 1982-ல் விடை கிடைத்தது: பட்டை தெரியாத கல்லீரல்களிலும் புரதம் இருந்தது. செயலற்றுக் கிடந்தது, அவ்வளவுதான்.

1984-ல் அதே குழு இன்னும் ஒரு படி போய், இரண்டு வகைக் கல்லீரலிலிருந்தும் புரதத்தைப் பிரித்தெடுத்து, துண்டுகளாக்கி, அமினோ அமிலங்களை வரிசையாகப் படித்தது. 500 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் 487-ஆவது இடத்தில் மட்டும் வேறுபாடு. வழக்கமாகக் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் லைசின் இருந்தது. டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. மனித உடலில் ஒரு புரதத்தின் மாற்றுவடிவத்தைக் கண்டறிவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இல்லை என்று நினைத்தது இருந்தது. எங்கே, எப்படி மாறியிருக்கிறது என்பதைத் திசுவே காட்டிக்கொடுத்தது.

இந்த மாற்றத்தின் வலிமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏ.எல்.டி.எச்.2 தனியாக வேலை செய்வதில்லை; நான்கு சங்கிலிகள் சேர்ந்த ஒரு கூட்டாகத்தான் இயங்கும். ஒருவருக்கு அம்மா வழியில் வழக்கமான மரபணுவும் அப்பா வழியில் மாறிய மரபணுவும் வந்திருந்தால், இரு வகைச் சங்கிலிகளும் சம அளவில் உண்டாகி, கலந்து கூட்டுச் சேரும். நான்கும் வழக்கமானவையாக அமையும் வாய்ப்பு 16-ல் ஒன்று மட்டுமே. மாறிய சங்கிலி தன் அருகிலிருப்பதன் வேலையையும் கெடுக்கிறது. போதாக்குறைக்கு, அது இருக்கும் கூட்டு செல்லுக்குள் சீக்கிரமே சிதைந்தும்போகிறது. ஆகவே பாதி மரபணு நன்றாக இருந்தும் நொதியின் செயல் பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிடுகிறது. மரபணுவை மட்டும் படித்து இந்தக் கணக்கைப் போட்டுவிட முடியாது.

குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம், லைசினுக்கு நேர்மின்னூட்டம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் புரதத்தின் மொத்த மின்னூட்டமே மாறி, மின்புலத்தில் அது நகரும் வேகமும் மாறும். கல்லீரல் சம்பந்தப்பட்ட இன்னொரு புகழ்பெற்ற மாற்றுவடிவமும் இதே வகைதான் என்பது வியப்பான ஒற்றுமை. 1963-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் கார்ல்-பெர்ட்டில் லாரலும் ஸ்டென் எரிக்சனும், நோயாளிகளின் ரத்தச் சோதனைத் தாள்களில் ஆல்ஃபா-1 பட்டை மங்கியிருப்பதைக் கவனித்தார்கள். நுரையீரலைச் சிதைவிலிருந்து காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் அவர்களிடம் குறைந்திருந்தது. அதை உண்டாக்குவது கல்லீரல். அதன் வடிவங்களுக்கு நகரும் வேகத்தை வைத்தே பெயரிட்டார்கள்: நடுத்தர வேகமுள்ளது எம், மெதுவானது எஸ், எல்லாவற்றுக்கும் பின்தங்கியது இசட். அந்த இசட் வடிவத்திலும் 342-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்திருக்கிறது.

ஆக, ஜெல் முறைக்குக் கண் இருந்தது. ஆனால் அது மின்னூட்டத்தை மட்டுமே பார்க்கும் கண். அமினோ அமில மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்னூட்டத்தை மாற்றுபவை. மற்றவை ஜெல்லில் வழக்கமான வடிவத்தோடு ஒட்டிக்கொண்டே ஓடி, கண்ணில் படாமலே போய்விடும்.

இன்று இந்த வேலையைச் செய்வது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற நிறைமானி. அது மின்னூட்டத்தோடு எடையையும் சேர்த்து அளக்கிறது. முழுப் புரதத்தை அப்படியே அளப்பது கடினம் என்பதால், முதலில் டிரிப்சின் என்ற செரிமான நொதியால் அதைத் துண்டாக்குவார்கள். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசினையும் ஆர்ஜினினையும் அடுத்து மட்டுமே வெட்டும். ஒரு புரதம் எந்தெந்தத் துண்டுகளாக உடையும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம் என்பதே இதன் அருமை. துண்டுகள் ஒரு நீள்குழாயில் ஊர்ந்து தனித்தனியாகப் பிரிந்து கருவிக்குள் நுழையும். கருவி ஒவ்வொன்றின் எடையையும் ஹைட்ரஜன் அணுவின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நுட்பமாகக் கணிக்கும். பிறகு அந்தத் துண்டையே மேலும் நொறுக்கி, சிதறல்களின் எடைகளைக் குறித்துக்கொள்ளும். நிறமாலை எனப்படும் அந்த எடைகளின் ஏணியைப் படித்தால் அமினோ அமில வரிசை தெரியும்.

ஏ.எல்.டி.எச்.2-வையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான வடிவத்தை டிரிப்சினால் வெட்டினால், 487-ஆவது இடம் 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டுக்குள் வரும். அதன் எடை சுமார் 1598.8 டால்டன். மாறிய வடிவத்தில் அந்த இடத்தில் புதிதாக ஒரு லைசின் வந்துவிட்டதே, டிரிப்சின் அங்கேயும் வெட்டிவிடும். துண்டு 12 அமினோ அமிலங்களாகக் குறுகும். எடை சுமார் 1370.7 டால்டன். இரண்டு வடிவமும் உள்ள ஒருவரின் கல்லீரலில் இரண்டு எடைகளும் தெரியவேண்டும். ஒவ்வொன்றின் அளவையும் ஒப்பிட்டால், மாறிய புரதம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். யோஷிடா குழு பெருமளவு கல்லீரல் திசுவிலிருந்து புரதத்தைத் தூய்மைப்படுத்தி எட்டிய விடையை, இன்று ஓர் ஊசி நுனியளவு திசுவிலிருந்து, ஆயிரக்கணக்கான மற்ற புரதங்களோடு சேர்த்தே எட்டலாம்.

எட்டலாம் என்றுதான் சொல்கிறேன், எட்டிவிடுகிறோம் என்று சொல்லவில்லை. ஒரே ஓட்டத்தில் கருவி பல்லாயிரக்கணக்கான நிறமாலைகளைக் கொட்டும். அவற்றை மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது, மென்பொருள்தான் படிக்கும். மென்பொருள் ஒவ்வொரு நிறமாலையையும் ஒரு மேற்கோள் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் சுமார் 20,000 மனிதப் புரதங்கள் உண்டு. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரிசை. பட்டியலிலுள்ள வரிசையைக் காகிதத்தில் வெட்டி, எடை போட்டு, எது பொருந்துகிறது என்று பார்ப்பதே முறை. பொருந்துவது இல்லாவிட்டால் அந்த நிறமாலை ஓரமாகத் தள்ளப்படும். வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து நின்றாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் திருப்பி அனுப்பப்படுவது போலத்தான் இது. 1370.7 டால்டன் துண்டு கருவிக்குள் வந்துவிட்டது, எடையும் அளந்தாயிற்று. ஆனாலும் முடிவு அறிக்கையில் அது வராது. அறிக்கையைப் படிக்கிறவருக்கு, தேடாததால் கிடைக்கவில்லையா, இல்லாததால் கிடைக்கவில்லையா என்பது தெரியாது. 1970களின் வெற்றுப் பட்டை எழுப்பிய அதே குழப்பம், இன்னும் விலையுயர்ந்த கருவியோடு திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு மாற்று, பட்டியலை ஆளுக்கேற்ப எழுதுவது. கல்லீரல் திசு யாருடையதோ அவரது டி.என்.ஏ.வையும், அதே திசுவின் ஆர்.என்.ஏ.வையும் படித்து, அவருக்கே உரிய மாற்றங்களைக் கண்டு, அவற்றிலிருந்து வரக்கூடிய புரத வரிசைகளைப் பொதுப்பட்டியலோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு அவரது நிறமாலைகளை அந்தப் பட்டியலில் தேடுவார்கள். மரபணுவியலும் புரதவியலும் கைகோக்கும் இந்தத் துறைக்குப் புரோட்டியோஜீனோமிக்ஸ் என்று பெயர். சொல்வதற்கு எளிது. ஆனால் உண்மையான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலை நீட்டினால் தற்செயலாகப் பொருந்துகிறவையும் கூடும். அதைவிட மோசமானது, எடையால் ஏமாறுவது. லியூசினும் ஐசோலியூசினும் எடையில் துல்லியமாக ஒன்றே. ஒன்று மற்றொன்றாக மாறினால் நிறைமானிக்குத் தெரியவே தெரியாது. அலனின் போய் செரின் வந்தால் எடை 15.995 கூடும், ஏதோ ஓர் இடத்தில் ஓர் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டாலும் அதே 15.995தான். கிளைசின் அலனினாக மாறினால் 14.016, ஒரு மெத்தில் குழு ஏறினாலும் 14.016. எல்லாவற்றிலும் தந்திரமானது அஸ்பராஜின். அது மரபணு மாற்றத்தால் அஸ்பார்டிக் அமிலமானால் 0.984 கூடும். ஆனால் திசு சற்று நேரம் வெப்பத்தில் கிடந்தாலோ, டிரிப்சினோடு இரவு முழுக்க ஊறினாலோ, அஸ்பராஜின் தானாகவே அஸ்பார்டிக் அமிலமாகிவிடும். எடையும் ஒன்று, விளைபொருளும் ஒன்று. பிறவியிலேயே வந்த வேறுபாடா, ஆய்வக மேசையில் நேர்ந்த வேதிமாற்றமா என்று நிறமாலை சொல்லாது. அந்த மனிதரின் டி.என்.ஏ. மட்டுமே தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஆகவே கவனமுள்ள ஆய்வாளர்கள் மாற்றுவடிவத் துண்டுகளுக்குத் தனிக் கண்டிப்பு வைக்கிறார்கள். பொதுவாக, வேண்டுமென்றே தலைகீழாகத் திருப்பி எழுதிய போலி வரிசைகளையும் பட்டியலில் கலந்துவிட்டு, மென்பொருள் எத்தனை போலிகளைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்து, பிழை விகிதத்தை 1 சதவீதத்துக்குள் நிறுத்துவார்கள். மொத்தத்தில் 1 சதவீதம் என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் வழக்கமான துண்டுகள் லட்சத்திலும், மாற்றுவடிவங்கள் சில நூறிலும் இருக்கும்போது, அந்தப் பிழையெல்லாம் இந்தச் சில நூறில் வந்து குவிந்துவிடலாம். ஆதலால் அவற்றுக்கெனத் தனியாகப் பிழைக்கணக்கு போடவேண்டும். முக்கியமான ஒன்று என்று தோன்றினால், அதே துண்டை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து, எடை கூடிய கார்பன், நைட்ரஜன் அணுக்களால் அடையாளமிட்டு, திசுச்சாற்றோடு கலந்து ஓட்டுவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் குழாயிலிருந்து வெளிவந்து, ஒரே மாதிரி நொறுங்கினால் சந்தேகம் தீரும். மெனக்கெடும் வேலைதான். இந்தப் படியைத் தாண்டாத எந்தப் புதிய மாற்றுவடிவத்தையும் நான் நம்பத் தயங்குவேன்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2014-ல் நேச்சர் இதழில் மனிதப் புரதங்களின் இரண்டு முதல் வரைபடங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று ஜெர்மனியின் மியூனிக் குழுவினுடையது. மற்றொன்று அகிலேஷ் பாண்டே தலைமையில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும், பெங்களூருவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸும் சேர்ந்து செய்தது. வளர்ந்தவரின் கல்லீரல், கருவிலுள்ள சிசுவின் கல்லீரல் உட்பட 30 வகைத் திசுக்களையும் செல்களையும் அலசி, 17,294 மரபணுக்களின் புரதங்களைப் பார்த்ததாக அது அறிவித்தது. இந்தியாவிலிருந்து உலகுக்குப் போன பெரிய பங்களிப்பு அது. சில மாதங்களிலேயே ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: மூக்குத் திசுவையே சோதிக்காமல், வாசனையை உணரும் ஏற்பிப் புரதங்கள் இத்தனை எப்படிக் கிடைத்தன? அந்தப் பொருத்தங்களில் பெரும்பாலானவை வலுவற்றவை என்று அவர்கள் காட்டினார்கள். வழக்கமான வரிசைகளைத் தேடும்போதே இத்தனை வழுக்கல் என்றால், ஒரே ஒரு அமினோ அமில வேறுபாட்டைத் தேடும்போது எவ்வளவு கவனம் வேண்டும்! அதே வரைபடத்தில், ஒவ்வொரு திசுவுக்கும் மூன்று பேரின் மாதிரியைக் கலந்தே ஓட்டினார்கள். மனித உடலில் எந்தப் புரதம் எங்கே உண்டு என்று அறிய அது சரியான வழி. யாரிடம் எந்த வடிவம் என்ற கேள்வி, கலந்த கணமே அழிந்துவிடும்.

திசுவும் தன் பங்குக்குச் சோதிக்கும். ஊசியால் எடுக்கும் கல்லீரல் பயாப்ஸி மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-ல் ஒரு பங்கு. அதில் ரத்தமும் கலந்தே வரும். ரத்தத்திலுள்ள புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரல் உண்டாக்கியவையே என்பதால், எது செல்லுக்குள் இருந்தது, எது ரத்தத்தோடு வந்தது என்று பிரிப்பது சிரமம். வெட்டியெடுத்த நொடியிலிருந்து திசுவின் சொந்த நொதிகளே புரதங்களைத் தின்னத் தொடங்கும். உடனே திரவ நைட்ரஜனில் உறையவைக்காவிட்டால், நாம் பார்ப்பது உயிருள்ள கல்லீரலை அல்ல, சிதைந்துகொண்டிருந்த கல்லீரலை.

இத்தனை பாடு எதற்கு, மரபணுவை மட்டும் படித்தால் போதாதா என்று கேட்கலாம். இசட் ஆன்டிடிரிப்சினின் கதை இதற்கு விடை. 1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹார்வி ஷார்ப், இந்தப் புரதம் குறைந்த குழந்தைகளுக்குக் கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நோய் வருவதைக் கண்டார். ரத்தத்தில் ஒரு புரதம் குறைந்தால் கல்லீரல் ஏன் கெடவேண்டும்? நுண்ணோக்கியில் பார்த்தபோது கல்லீரல் செல்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ தேங்கியிருந்தது. தேங்கியிருந்தது அந்தப் புரதமே. கல்லீரல் அதை வழக்கம்போல உண்டாக்குகிறது. ஆனால் மடிப்பு பிசகியதால் செல்லை விட்டு வெளியேற முடியவில்லை. ஏறத்தாழ 15 சதவீதமே ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு மூலக்கூறின் கண்ணி மற்றொன்றின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு, சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்வதை 1992-ல் கேம்பிரிட்ஜில் டேவிட் லோமாஸும் ராபின் கேரலும் விளக்கினார்கள். நுரையீரல் கெடுவது புரதம் வந்துசேராததால். கல்லீரல் கெடுவது அதே புரதம் போகாமல் தங்குவதால். ரத்தம் மட்டும் பார்த்தவருக்குக் குறைவு தெரியும், மரபணு மட்டும் பார்த்தவருக்கு எழுத்து மாற்றம் தெரியும். தேக்கம் தெரிய திசு வேண்டும். இந்தக் குறையுள்ளவர்களுக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தினால் ரத்தத்திலுள்ள ஆன்டிடிரிப்சின் கொடையாளியின் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. உடலின் மற்ற எல்லாச் செல்களிலும் பழைய மரபணு அப்படியே இருக்கும்போதே இது நடக்கிறது.

நம் பக்கத்திலும் இப்படியொரு கதை உண்டு. பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைக் கல்லீரல் உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சில நிமிடங்களில் உடைப்பது இந்த நொதிதான். அது இல்லாதவருக்கு அதே ஊசி போட்டால், மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் எழும்பாது. அதுவரை செயற்கை சுவாசம் தரவேண்டும். வைசிய சமூகத்தினரிடையே இந்தக் குறை மற்றவர்களைவிட மிக அதிகம் என்று கண்ட கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2006-ல் காரணத்தையும் வெளியிட்டார்கள்: 307-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்ட சமூகங்களில் ஒரு பழைய மாற்றம் இப்படிப் பெருகுவது இயல்பு.

இந்த மாற்றம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். லியூசினுக்கும் மின்னூட்டமில்லை, புரோலினுக்கும் இல்லை. பழைய ஜெல் முறையில் நகரும் வேகத்தை வைத்து இதைப் பிடித்திருக்க முடியாது. டிரிப்சின் வெட்டும் இடமும் மாறுவதில்லை. துண்டின் எடை 16.03 டால்டன் குறைவது ஒன்றுதான் தடயம். வெளிநாட்டில் எழுதிய ஒற்றை வரிசைப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடும் மென்பொருள் அந்தத் தடயத்தைக் கண்டுகொள்ளாது. புரோலின் சங்கிலியை வளைத்து மடிப்பைக் கெடுக்கும் இயல்புடையது. அப்புரதம் நிலையாக நிற்பதில்லை, ரத்தத்தில் அதன் செயல் ஏறக்குறைய இல்லாமலே போகிறது.

இந்திய மக்களின் மரபணு வேறுபாடுகள் உலகப் பட்டியல்களில் போதிய அளவு இல்லை என்பது நெடுநாள் குறை. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அதிலுள்ள மாற்றங்களைப் புரத வரிசைகளாக எழுதிப் பட்டியலில் சேர்த்தால், முன்னரே ஓட்டிச் சேமித்துவைத்த நிறமாலைகளைக்கூட மறுபடி தேடலாம். கருவி அளந்த எடைகள் கோப்புகளில் அப்படியே இருக்கின்றன. புதிய திசுவுக்கோ புதிய ஊசிக்கோ தேவையில்லை. அதுவரை, அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க ஊசிக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானதா?" என்று கேட்டால், யோசித்து, பெரியவர்களிடமும் விசாரித்துப் பதில் சொல்லுங்கள். அப்படியொருவர் இருந்தால், பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். சக்சினைல்கோலினுக்கு மாற்று மருந்துகளும் இருக்கின்றன.